பிறர் இடத்தில் விழுந்து அடிபட்டவர்கள்: இழப்பீடு கேட்டபோது என்ன நடந்தது?

மழைமேகம்:
ஈரத்தரை, வழுக்கல், மணிக்கட்டு முறிவு. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். என்னை இன்னும் உறுத்துவது வேறு. தரையில் கிடந்தபோது ஊழியர் ஒருவர் ஓடி வந்தார். தூக்கிவிடத்தான் வருகிறார் என்று நல்ல கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய், மஞ்சள் எச்சரிக்கைப் பலகையைத் தலைமாட்டில் நிறுத்திக் கைப்பேசியில் படம் எடுத்தார். இழப்பீடு கேட்டதற்கு வந்த பதில் கடிதத்தில் அதே படம்! நடந்தது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில். பலகையைப் பார்க்காமல் நடந்தது என் கவனக்குறைவு என்று நிரூபித்துவிட்டால் ஒரு காசும் கிடைக்காது என்றார் வழக்கறிஞர்.

தெற்குச்சாளரம்:
இதைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று யாரும் ஒதுங்கிவிடக் கூடாது. மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா, அலபாமா போன்ற சில இடங்களில்தான் அந்தக் கொடிய பழைய விதி. கலிபோர்னியாவில் 1975 முதல் தவறைப் பங்கு பிரிக்கிறார்கள். உங்கள் பங்கு 30 சதவீதம் என்றால் மீதி 70 சதவீதம் கிடைக்கும். இங்கிலாந்தில் 1945ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு வழி செய்துவிட்டது. எனக்கு அங்கேதான் அடிபட்டது. குடியிருப்பின் பொதுப் படிக்கட்டில் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது; உருளும்போதும் அதை இறுகப் பிடித்திருந்தேன். இருட்டில் இறங்கியதாகச் சொல்லி ஒரு பங்கைக் கழித்தார்கள். விளக்கை எரிய வைப்பதும் அவர்கள் பொறுப்புதானே?

கரைவழி:
நீங்கள் இருவரும் வழக்காவது பேசுகிறீர்கள். நியூசிலாந்தில் காயத்துக்கு இழப்பீடு கேட்டு உரிமையாளர்மேல் வழக்கே போட முடியாது. 1974 முதல் விபத்து இழப்பீட்டுத் திட்டம்தான். சிகிச்சைச் செலவும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதமும் வந்தன. குறை சொல்லவில்லை. ஆனால் நான் விழுந்த, உளுத்துப்போன அந்த மரத்தளத்தின் உரிமையாளர், நான் மருத்துவ ஊர்தி ஏறும்வரை வாசலில் நின்று பார்த்தாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. “உளுத்தது உமக்குத் தெரியுமா?” என்று அவரைக் கேட்க எனக்கு ஓர் இடம் இல்லை.

நெடுநாள்வாசகி:
கலிபோர்னியா என்றதும் எழுதத் தோன்றியது. பொதுப் பூங்காவில் இருக்கை உடைந்து அம்மா விழுந்தார். தனியார் இடத்துக்கு 2 ஆண்டு அவகாசம். அரசு இடம் என்றால் 6 மாதத்துக்குள் முதலில் மனு கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் நாள்காட்டியைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

ஆகவே, யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மழைமேகம், பலகைப் படத்தின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எடுத்த நேரம் அதில் பதிந்திருக்கக்கூடும். கண்காணிப்புக் கேமரா பதிவை அழிக்க வேண்டாம் என்று எழுத்தில் உடனே கேளுங்கள். பல இடங்களில் பழைய பதிவின்மேல் புதியது தானாகவே ஏறிவிடும். இடம் யாருடையது, வாடகைக்கு எடுத்தவர் யார், பராமரிப்பு யார் பொறுப்பு என்று தனித்தனியாக விசாரியுங்கள். மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். காப்பீட்டு நிறுவனம் நீட்டும் தாளில் வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். அன்று அணிந்திருந்த செருப்பைக் கழுவாமல் அப்படியே எடுத்து வையுங்கள். அடிப்பகுதி தேய்ந்திருந்தது என்று எதிர்த்தரப்பு கிளப்பினால், காட்டுவதற்கு அது வேண்டும்.