யூகிளினாவா, பாக்கஸா? நீந்துவதை மந்தமாக்க வழி வேணும்

கிளிநொச்சிப் பக்கம் மாடு இறங்கும் குட்டையின் பச்சைத் தண்ணீரில் நீந்தும் ஒரு ஒருகல உயிர்; யூகிளினாவா பாக்கஸா என்று பிரித்தறிய வேணும். நுணுக்குக்காட்டியில் 400 மடங்கில் ஒரு நீண்ட சவுக்குமுளை (நீந்த உதவும் இழை), சிவப்புக் கண்புள்ளி தெரியுது. அயடீனுக்கு உள்மணிகள் கருநீலமாகவில்லை; மாப்பொருள் அல்ல, பரமைலன் (யூகிளினா வகையின் சேமிப்புப் பொருள்). அதோடு கிளமிடோமோனாஸ் (மாப்பொருள் சேமிக்கும் ஒருகலப் பச்சை அல்கா) கழிந்தது. (பச்சை நிறத்தை நம்பாதேங்கோ: பச்சையவுருமணி (பச்சையம் உள்ள உள்ளுறுப்பு) முன்னோர் விழுங்கிய பச்சை அல்காவினது, அதுதான் மூன்று சவ்வு. கலமோ நோய் தரும் ஒட்டுண்ணிகளான திரிப்பனசோமா, லீஷ்மானியாவுக்கு உறவு.)

பொதுவாக நெளிந்து சுருங்கினால் யூகிளினா, தட்டையாய் விறைத்திருந்தால் பாக்கஸ். மேலே வைக்கும் கண்ணாடி மூடித்துண்டு அழுத்தினால் சவுக்குமுளை கழருது. மூலைகளுக்கு வாசலின் வைத்தால் தப்பும், ஆனால் உயிர் ஓடித்திரியும். லூகோல் (அயடீன் கரைசல்) விட்டால் உயிர் செத்து சவுக்குமுளை தெளிவு, நெளிவு போச்சு. நீரைத் தடிப்பாக்கி நீந்துவதை மந்தமாக்கும் மெதைல் செலுலோஸ் கைவசமில்லை. கிளிசரின் சொல்லாதேங்கோ, நீரை இழுத்து உருவத்தையே மாற்றிவிடும். வேறு எதை, எத்தனை வீதத்தில் கலக்கலாம்? செய்து பார்த்தவர்கள் எழுதுங்கோ.