லீவுல வந்து ஊர்க்குளம் தூர்வாரலாமா, இருக்கிற நாட்டுலயே தொண்டு செய்யலாமா?

அரசலாறு:
துபாய், சிங்கப்பூர், லண்டன்னு இருக்கிற காவிரி டெல்டா பசங்க தொண்டு செய்யணும்னா லீவுல ஊருக்கு வந்து குளம் தூர்வாரட்டும். இதுதான் என் கட்சி. ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடையில தண்ணி ஏறாத குளம் கிடக்கும்போது அங்கே பூங்காவுல குப்பை பொறுக்குறதுல என்ன இருக்கு? கஜா புயல் அடிச்ச மறுவருஷமே பேராவூரணி பெரியகுளத்துல உள்ளூர் இளைஞர்கள் இறங்கலையா? மாற்றுக் கருத்து இருந்தா சொல்லுங்க.

வெண்ணாற்றங்கரை:
எனக்கு இருக்கு. முதல்ல காலண்டரைப் பாருங்கண்ணே. வளைகுடாவுல பள்ளிக்கூட லீவு ஜூலை, ஆகஸ்ட். ஜூன் 12 மேட்டூர் திறந்தா கடைமடைக்குத் தண்ணி வந்து சேர்ற நேரம் அது. சிங்கப்பூர்ல பெரிய லீவு டிசம்பர், அப்போ வடகிழக்குப் பருவமழை. பொங்கலுக்கு வந்தா குளம் நிறைஞ்சு கிடக்கும், டிப்பர் போற வழியில சம்பா நிக்கும். தூர்வார ஏத்த காலம் அறுப்பு முடிஞ்சு தரை காய்ஞ்ச மார்ச் கடைசியிலிருந்து மே வரை. அப்போ யாருக்கு லீவு?

அடுத்தது அளவு. ஒரு ஏக்கர் குளத்துல ஒரு மீட்டர் ஆழம் எடுத்தா சுமார் 4,000 கன மீட்டர் மண். மூணு யூனிட் டிப்பர்ல எட்டரை கன மீட்டர்தான் ஏறும், அதாவது 470 லோடு. மண்வெட்டியோட போட்டோ எடுத்துக்கலாம், வேலையை ஹிட்டாச்சிதான் செய்யும்.

உப்பனாறு:
470 லோடு எடுக்கிறது பெரிசில்ல, எங்கே கொட்டுறதுங்கிறதுதான் சிக்கல். மாவட்ட அரசிதழ்ல வந்த நீர்நிலையா இருந்தா விவசாயத்துக்கு வண்டல் இலவசம், அனுமதி வட்டாட்சியர்கிட்ட. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. கணக்குப் போடுங்க: 4,000 கன மீட்டருக்கு ஐம்பத்து மூணு ஏக்கர் நஞ்சைக்காரங்க முன்கூட்டியே விண்ணப்பம் போட்டிருக்கணும். இல்லேன்னா மண் கரையிலேயே குவியும், முதல் மழையில திரும்பக் குளத்துக்குள்ளேயே இறங்கும்.

இன்னொண்ணு, "ஆழமா எடுங்க"ன்னு வெளிநாட்டுல இருந்து போன் பண்றவங்களுக்கு. அடியில இருக்கிற களிமண்தான் தண்ணியைத் தாங்குது. அதைக் கிழிச்சு மணல்ல இறங்கினா தண்ணி நிக்காது. வேதாரண்யம், நாகை ஓரமா இருந்தா உப்புத்தண்ணி மேலே வரும், அப்புறம் மாடுகூட வாய் வைக்காது. தோண்டுறதுக்கு முன்னாடி நாலஞ்சு இடத்துல குழி போட்டு எத்தனை அடியில களி முடியுதுன்னு பாருங்க. கரையைச் செங்குத்தா வெட்டினாலும் சரிஞ்சிடும், சரிவு விடணும்.

அரசலாறு:
ஆள் வேணாம், சரி. பணம் வரட்டுமே?

வெண்ணாற்றங்கரை:
அங்கேதான் பலர் மாட்டுறாங்க. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கிறவர் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாத்திக்கிட்டவர், அதாவது ஓசிஐங்கிற வெளிநாட்டு இந்திய வம்சாவளி அட்டை வச்சிருக்கிறவர் அனுப்பினா வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில கணக்கும் இல்லாத சங்கம் அதைத் தொடக்கூடாது. ஊர் இளைஞர் மன்றத்துக்கு அது எங்கே இருக்கப் போவுது?

வசூலிக்கிற பக்கமும் சட்டம் இருக்கு. அமீரகத்துல 2021 சட்டப்படி உரிமம் பெற்ற அமைப்பு மட்டும்தான் வசூலிக்கலாம். "குளத்துக்கு ஆளுக்கு நூறு திர்ஹாம்"னு வாட்ஸ்அப்ல போட்டாலும் வசூல்தான். சிங்கப்பூர்ல வெளிநாட்டுத் தர்மத்துக்குப் பொதுமக்கள்கிட்ட திரட்ட அனுமதி வேணும், அதுலயும் 80 சதவீதம் உள்நாட்டுலயே செலவாகணும்ங்கிற விதி இருக்கு. அதனாலதான் சொல்றேன், இருக்கிற ஊர்ல செய்யுங்க. அமீரகத்துல அரசோட தன்னார்வலர் தளத்துலயே பேரு பதியலாம்.

குடமுருட்டி:
அங்கே செய்யறது மட்டும் என்ன, அவ்வளவு சுலபமா தம்பி? பிரிட்டன்ல பிள்ளைங்களோட பழகுற தொண்டுன்னா டிபிஎஸ்ங்கிற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு வரும். தொண்டருக்குக் கட்டணம் இல்லை, ஆனா புதுசா வந்தவர்கிட்ட இந்தியாவுல இருந்தும் போலீஸ் சான்றிதழ் கேட்கலாம். அது கையில வர்றதுக்குள்ள ஆர்வம் ஆறிடும். ரத்ததானம்னு கிளம்பினா, ஊருக்குப் போய் வந்தவரை மலேரியா பயத்துல சில மாசம் தள்ளி வைப்பாங்க. மாணவர் விசாவுல இருக்கிறவர் கடையில ஆள் இல்லாத நேரம் சம்பளமில்லாம நிக்கிற "சும்மா வேலை"யும், வாரம் 20 மணி நேரம்தான் வேலைங்கிற கணக்குல சேர்ந்துடலாம். பேரப்பிள்ளையைப் பார்க்க வர்ற அப்பா அம்மா? பதிவு பெற்ற தர்ம அமைப்புல 30 நாள் வரைக்கும்தான் தொண்டு செய்யலாம்.

உப்பனாறு:
ரெண்டு பேரும் குளத்துக்குத் தண்ணி எப்படி வருதுன்னே பேசலையே. பல குளத்துல மண் மேடு நோய் இல்லை, வரத்து வாய்க்கால் காணோம். வாய்க்கால் தொடங்குற இடத்துல காட்டாமணக்குப் புதர், நடுவுல யாரோ வீட்டுச் சுவர். உள்ளே தோண்டி என்ன பண்ண? சர்வே எண், எந்த நிலம் யாருதுன்னு சொல்ற 'அ' பதிவேடு, நில எல்லை காட்டுற புலப்படம் எல்லாம் இணையத்துல கிடைக்குது. ஷார்ஜாவுல ராத்திரி ஷிப்ட் முடிச்சவர்கூட வாய்க்கால் எங்கே வெட்டுப்பட்டிருக்குன்னு படத்துல பிடிச்சிடலாம். அதுக்கு விசாவும் வேணாம், வசூலும் வேணாம்.

அரசலாறு:
இது கேட்க நல்லா இருக்கு. அந்தப் படத்தை வச்சு ஜனவரி 26 கிராம சபையில ஆக்கிரமிப்பை அளந்து தரக் கேட்டுத் தீர்மானம் போட்டுட்டா, வட்டாட்சியர் விண்ணப்பம் பிப்ரவரி, வேலை ஏப்ரல். பொங்கலுக்கு வர்றவங்க அப்படியே 26 வரைக்கும் இருந்தா சபையில தலை எண்ணிக்கைக்கும் ஆச்சு.

வெண்ணாற்றங்கரை:
பொங்கலுக்கு நாலு நாள் வாங்குறதுக்கே மேனேஜர் கால்ல விழ வேண்டியிருக்கு, 26 வரைக்கும் யாருண்ணே லீவு தர்றாங்க? சர்வே எண்ணைப் போடுங்க, படத்தை நான் பார்க்கிறேன்.