சாண்டிநல்லா சதுப்பு மண்: புல் கார்பன் வேறு, மரக் கார்பன் வேறா?

கோத்தகிரி அம்மா:
மகன் பிளஸ் ஒன். ஐசோடோப்பு என்றால் ஒரே தனிமம், நியூட்ரான் எண்ணிக்கை வேறு என்று ஒப்பிக்கிறான், அதற்கு மேல் கேட்டால் முழிக்கிறான். ஊட்டி பக்கம் சாண்டிநல்லா சதுப்பில் எடுத்த கறுப்பு மண்ணின் கார்பனை வைத்து அங்கே அந்தக் காலத்தில் புல் இருந்ததா சோலை இருந்ததா என்று சொல்லிவிட்டார்களாமே, எப்படி? கார்பன் என்றால் கார்பன்தானே?

மஞ்சூர் வாத்தியார்:
அக்கா, தம்பி சொன்னது சரிதான். கார்பன் அணுக்கருவில் எப்போதும் 6 புரோட்டான், வெளியே 6 எலக்ட்ரான். எதோடு சேர்வது என்பது எலக்ட்ரான் விவகாரம், அதனால் எல்லா வகையும் ஒரே மாதிரிதான் வினைபுரியும். 6 நியூட்ரான் இருந்தால் கார்பன்-12, 7 இருந்தால் 13, 8 இருந்தால் 14. நூற்றில் ஏறக்குறைய 99 பங்கு 12தான், மீதி 13, 14 இருப்பது மிகமிகக் கொஞ்சம். 13 சற்றுக் கனம் என்பதால் இலைகள் லேசான 12-ஐத்தான் அதிகம் எடுத்துக்கொள்ளும். சோலை மரங்கள் இதில் ரொம்பக் கறார், நம் மலைப் புற்களில் பல கரியமில வாயுவை வேறு வழியில் பிடிப்பதால் 13-ஐ அவ்வளவு ஒதுக்காது. செடி மக்கி சதுப்பில் அமுங்கிய பிறகும் அந்த வித்தியாசம் மண்ணில் தங்கிவிடும்.

லவ்டேல் தம்பி:
வயது சொல்வது கார்பன்-14. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஊட்டி ஆய்வகத்தில் ஆராய்கிறார்களே, அந்தக் கதிர்கள்தான் மேலே காற்றில் மோதி நியூட்ரான்களைச் சிதறவைக்கின்றன, அது நைட்ரஜனில் பட்டால் கார்பன்-14. செடி செத்ததும் புதிதாகச் சேராது, இருப்பது சிதைந்து 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 1993-இல் சூழலியலாளர் ராமன் சுகுமார் குழு நேச்சர் அறிவியல் இதழில் எழுதியது இந்த 13, 14 இரண்டையும் வைத்துத்தான்: சுமார் 20,000 ஆண்டுக்கு முன், பனியுகத்தின் வறட்சியில், இங்கே புல்தான் ஓங்கியிருந்தது. இது தெரியாமல் புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து சீகை (வாட்டில்) மரத்தை நட்டுத் தள்ளினார்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

கோத்தகிரி அம்மா:
பட்டாணி புரோட்டான், பீன்ஸ் விதை நியூட்ரான் என்று மேசையில் பரப்பி மூன்றையும் அடுக்கிவிட்டான். 14 சிதையும்போது ஒரு நியூட்ரான் புரோட்டானாகிவிடும் என்று பாடத்தில் இருக்கிறதாம், ஒரு பீன்ஸை எடுத்துவிட்டுப் பட்டாணி வைத்தான். இப்போது பட்டாணி 7, பீன்ஸ் 7. இது கார்பனே இல்லையே அம்மா என்கிறான்?

மஞ்சூர் வாத்தியார்:
இல்லைதான் அக்கா, அது நைட்ரஜன்-14. எதிலிருந்து உண்டானதோ அதுவாகவே திரும்பிவிட்டது. பீன்ஸ் பட்டாணியாகும் அந்த நேரத்தில் ஒரு எலக்ட்ரான் வெளியே பாயும், பீட்டா கதிர் என்பது அதுதான். மேசை ஓரமாக ஒரு கடுகு வைக்கச் சொல்லுங்கள்.