நேற்று யானை ‘வந்திருக்கிறது’ என்று எழுதலாமா?

வேலந்தாவளத்தான்:
இங்கே பாலக்காட்டு எல்லையில் டியூஷன் பிள்ளைகள் கட்டுரையில் “நேற்று இரவு தோட்டத்துக்கு யானை வந்திருக்கிறது” என்று எழுதுகிறார்கள். நான் அடித்துவிட்டு ‘வந்தது’ என்று திருத்துகிறேன். நேற்று என்றால் இறந்தகாலம், ‘இருக்கிறது’ நிகழ்காலம். ரெண்டும் எப்படிச் சேரும்?

மீனாட்சிபுரத்துக்காரன்:
அடிக்காதீர்கள். விடிந்ததும் போய்ப் பார்க்கிறோம். வாழை சாய்ந்து கிடக்கிறது, வரப்பில் லத்தி கிடக்கிறது. யானையை யாரும் பார்க்கவில்லை. அப்போது “யானை வந்திருக்கிறது” என்றுதான் சொல்வோம். வந்தது நேற்று, தடயம் இன்று கண்முன்னே. ‘வந்தது’ என்று மாற்றினால், தடயத்தை வைத்துச் சொல்கிறோம் என்ற பொருளே போய்விடும்.

வேலந்தாவளத்தான்:
பேச்சுக்குச் சரி. எழுத்தில் காலம் குழம்பக் கூடாது. “நாளை வந்து பார்ப்பேன்” என்பதும் எனக்கு இடிக்கிறது. ‘வந்து’ போன்ற எச்சங்களை, அதாவது ‘செய்து’ வாய்பாட்டை, நன்னூல் இலக்கணம் இறந்தகாலத்தில் வைக்கிறது. நாளைய காரியத்துக்கு இறந்தகாலமா? ‘வருவேன், பார்ப்பேன்’ என்று பிரித்தே எழுதச் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
‘வந்து’ இறந்தகாலம் என்பது இன்றைய நாளை வைத்து அல்ல, அடுத்த வினையை வைத்து. பார்ப்பதற்கு முன்பே வருவது முடிந்திருக்கும், அவ்வளவுதான். வந்து பார்த்தேன், வந்து பார்க்கிறேன், வந்து பார்ப்பேன்: மூன்றிலும் ‘வந்து’ மாறவில்லை. காலத்தைச் சொல்வது வாக்கியத்தை முடிக்கிற கடைசி வினை, அதாவது முற்று.

நம் பகுதியில் திருத்த வேண்டியது வேறு. மலையாளத்தில் ‘வந்நு’ என்று உகரம் முழுதாக ஒலித்தால் அதுவே முற்று. ஞான், அவன், அவள் எல்லாருக்கும் அதே வடிவம். உகரம் குறுகினால், அடுத்த வினைக்குக் காத்திருக்கும் எச்சம். தமிழில் முற்றுக்கு ஏன், ஆன், ஆள் என்று விகுதி வேண்டும். ரெண்டு மொழியும் படிக்கிற பிள்ளை “மாமா நேற்று வந்து” என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது. என் கவலை அதுதான்.

வேலந்தாவளத்தான்:
கடைசி முற்றுதான் காலம் சொல்லும் என்றால், ‘வந்திருக்கிறது’ என்பதன் முற்று ‘இருக்கிறது’ தானே டீச்சர்? உங்கள் விதிப்படியே ‘நேற்று’ அங்கே நிற்காது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
நல்ல கேள்வி. ‘இரு’ அங்கே தனிவினை இல்லை, துணைவினை. யானை இப்போது தோட்டத்தில் நிற்கிறது என்று யாரும் பொருள் கொள்வதில்லை. வருகை நேற்றையது, அதன் விளைவு இன்றையது. நிகழ்காலம் அந்த விளைவுக்கு. துணைவினையை மாற்றிப் பாருங்கள். “வனத்துறை வாட்சர் வருவதற்குள் யானை போயிருந்தது”: விளைவும் பழையதாகிவிட்டது. “இந்நேரம் போயிருக்கும்”: வெறும் ஊகம்.

மீனாட்சிபுரத்துக்காரன்:
இந்த ‘இருந்தது’தான் நம்மிடம் அளவு மீறிப் புழங்குகிறது. மலையாளத்தில் “இன்னலெ வந்நிருந்நு” (நேற்று வந்திருந்தான்) என்பது சாதாரணப் பேச்சு. அதே பழக்கத்தில் ‘சந்தைக்குப் போயிருந்தேன், காய் வாங்கியிருந்தேன், சாப்பிட்டிருந்தேன்’ என்று தமிழிலும் அடுக்குகிறார்கள். அப்புறம் என்ன ஆச்சு என்று படிப்பவர் காத்திருப்பார். போனேன், வாங்கினேன், சாப்பிட்டேன் போதும்.

வேலந்தாவளத்தான்:
அதில் எனக்கும் சம்மதம். யானை விஷயத்தில் மட்டும் என் நிபந்தனை ஒன்று உண்டு. ‘நேற்று வந்திருக்கிறது’ என்று எழுதும் பிள்ளை, சாய்ந்த வாழையையும் அடுத்த வரியில் எழுத வேண்டும். தடயம் இல்லாமல் அந்த வாக்கியம் தனியாக நின்றால் நான் அடிக்கத்தான் செய்வேன்.