கரண்ட் வந்தும் எழாத மானிட்டர்: பவர் போர்டு, பேக்லைட் அனுபவங்கள்

தென்னாப்பிரிக்காவில் பழைய மானிட்டர்களைப் பழுதுபார்க்கிறவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை இவை. ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் ஊர்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

"லோட்ஷெடிங் முடிந்து கரண்ட் வந்தது, மானிட்டர் மட்டும் எழவில்லை." திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் குழல்விளக்கு (பேக்லைட்) உள்ள பழைய 17, 19, 22 அங்குல எல்சிடி மானிட்டர்களில் இந்தப் புகார்தான் அதிகம். 2022, 2023-இல் இந்த முறைவைத்த மின்வெட்டு 6-ஆம் நிலை வரை போய், ஒரே நாளில் பல தடவை கரண்ட் நின்று நின்று வந்தபோது இது குவிந்தது. கொண்டு வருகிறவர்கள் சொல்லும் காரணமும் ஒன்றேதான்: கரண்ட் திரும்பும்போது ஓங்கி அடித்துவிட்டது. அப்படி அடிப்பதும் உண்டு. ஆனால் அதை நம்பி போர்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஃபியூஸைப் பாருங்கள். கண்ணாடிக்குள் கம்பி முழுசாக இருந்தால், சந்தேகம் முதலில் போகவேண்டியது ஒரு சின்ன கெப்பாசிட்டர் மேல். 22 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். சில போர்டில் 10, சிலதில் 47.

உள்ளே நடப்பது இது. 230 வோல்ட் மெயின்ஸ் பிரிட்ஜ் டையோடைத் தாண்டி, பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கிறது. அதிலிருந்து அதிக ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக (சில ஐசிகளில் உள்ளேயே வழி உண்டு) இந்தச் சின்னது மெல்ல நிரம்பும். 16 வோல்ட் பக்கம் வந்ததும் பவர் போர்டை நடத்தும் பிடபிள்யூஎம் ஐசி விழித்து, கரண்டை வேகமாக வெட்டி வெட்டி விடும் மாஸ்ஃபெட்டை ஓட்டத் தொடங்கும். ஐசிக்கு ஐசி இந்த அளவு கொஞ்சம் மாறும். அதன்பிறகு டிரான்ஸ்ஃபார்மரின் துணைச்சுற்று ஐசிக்குத் தீனி போடும். அந்தக் கைமாற்றம் முடியும்வரை ஐசி உயிரோடு இருப்பது சின்ன கெப்பாசிட்டரில் உள்ள இருப்பை வைத்துத்தான். அதை ஹீட்சிங்க் பக்கத்திலேயே நட்டுவைத்திருப்பார்கள். வருடக்கணக்காகச் சூட்டில் காய்ந்து 22 இருந்தது 3, 4-க்கு இறங்கிவிடும். மானிட்டர் ஸ்டாண்ட்பையில் ஓயாமல் கிடக்கிறவரை துணைச்சுற்று தாங்கிப் பிடிக்கும், யாருக்கும் தெரியாது. ஒருமுறை கரண்ட் நின்றால் திரும்ப எழ முடியாது. நோய் பழசு, கரண்ட் நின்ற அன்றைக்குத்தான் வெளியே தெரிகிறது.

கருவி இல்லாமலே சோதிக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு ஹேர் டிரையரால் அந்த இடத்தை ஒரு நிமிஷம் சூடாக்குங்கள். டிரையரைத் தள்ளி வைத்துவிட்டு, எதையும் தொடாமல் பிளக்கைப் போடுங்கள். இப்போது எழுந்தால் குற்றவாளி கெப்பாசிட்டர்தான். டிக், டிக் என்று சீராக ஒரு சத்தம் வந்து முகப்பிலுள்ள எல்ஈடி மினுக்கினாலும் இதைத்தான் முதலில் பாருங்கள். ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள் தடை) அளக்கும் மீட்டர் இருந்தால், நல்ல 22/50 ஏறக்குறைய ஒரு ஓம் காட்டும். காய்ந்தது 5, 10 ஓமுக்கு மேலே போகும். தலை உப்பியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரிய வெளியீட்டு கெப்பாசிட்டர்கள் உப்பும். இது சத்தமில்லாமல் காயும்.

ஐசிக்குத் தீனி வரும் விசிசி காலை அளக்கிறவர்கள் மீட்டரின் கறுப்பு முனையைப் பெரிய கெப்பாசிட்டரின் மைனஸில் வைக்க வேண்டும். தகரச் சட்டத்தில் வைத்தால் அர்த்தமில்லாத எண் வரும். அந்த மைனஸ் மெயின்ஸோடு நேரடித் தொடர்பு உள்ளது, கை படக்கூடாது.


பீனிக்ஸ், டர்பன்

அண்ணா சொன்னது ஃபியூஸ் நல்லபடியாக இருக்கும் கேஸ். நிஜமாகவே அடிபட்ட போர்டை நான் சொல்கிறேன். ஃபியூஸ் கண்ணாடி உள்பக்கம் கறுத்தோ, வெள்ளிப் பூச்சு பூசினதுபோலவோ இருக்கும். வெறுமனே கம்பி நடுவில் அறுந்திருப்பது வேறு, இது வேறு. கறுத்தால் உள்ளே முழு ஷார்ட். புது ஃபியூஸ் மட்டும் போட்டால் அதுவும் அந்த நொடியே போகும்.

முதலில் பெரிய கெப்பாசிட்டரைக் காலி பண்ணுங்கள். ஃபியூஸ் போன போர்டில் சார்ஜ் இருக்காது என்று நினைப்பது ஆபத்து: மாஸ்ஃபெட் ஓப்பனாக (உள்ளே அறுந்து) போயிருந்தால் 300 வோல்ட் அப்படியே நிற்கும். 4.7 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை உறைபோட்ட பிடியில் பிடித்து இரண்டு காலுக்கும் நடுவே ஐந்து விநாடி வைத்து, பிறகு மீட்டரில் பார்த்து உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணினால் சாலிடர் பேட் பிய்ந்துவிடும், கண்ணுக்கும் ஆபத்து.

பிறகு ஷார்ட் பார்க்கும் வரிசை: எம்ஓவி (மிகை வோல்ட்டேஜை விழுங்கும் ஊதா நீல வட்ட வில்லை, பெரும்பாலும் 471 என்று அச்சிட்டிருக்கும்), பிரிட்ஜ் டையோடு நான்கும், மாஸ்ஃபெட்டின் டிரெயின், சோர்ஸ் என்ற இரண்டு காலுக்கும் நடுவே. மாஸ்ஃபெட் ஷார்ட் என்றால் அது தனியாகச் சாகாது. சோர்ஸிலிருந்து இறங்கும் ஒரு ஓமுக்கும் குறைவான, கரண்டை அளக்கும் ரெசிஸ்டர் ஓப்பன் ஆகியிருக்கும், கேட் ரெசிஸ்டர் வெந்திருக்கும், பிடபிள்யூஎம் ஐசியும் பெரும்பாலும் போயிருக்கும். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றினால் செத்த ஐசி புது மாஸ்ஃபெட்டையும் கொல்லும்.

மாற்றி முடித்தபின் நேராக மெயின்ஸில் போடவே வேண்டாம். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை லைவ் கம்பியில் தொடராக இணைத்துப் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் நின்றால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. புதுச் சாமான் எதுவும் போகாமல் தப்பிக்கும். ஃபியூஸ் பழைய மதிப்பிலேயே இருக்கட்டும், 2 ஆம்பியர் என்றால் 2, 3.15 என்றால் 3.15, 250 வோல்ட், மெதுவாக அறுகிற ரகம்.


லெனேசியா, ஜோஹன்னஸ்பர்க்

இங்கே இன்னொரு ரகம் வருகிறது. கேபிள் திருட்டில் நியூட்ரல் போய்விட்டால் ஒரு ஃபேஸில் இருக்கவேண்டிய 230, பக்கத்து வீடுகளின் லோடைப் பொறுத்து 400 வரை ஏறும். 400 ஏசி என்றால் டிசியில் 560-க்கு மேல். பெரிய கெப்பாசிட்டரின் மேல் எழுதியிருப்பதோ 400 அல்லது 450. தலை பிளந்து, மஞ்சள் நார் வெளியே வந்து, எம்ஓவியும் வெடித்திருந்தால் ஒரு நொடி அடி அல்ல, சில நிமிஷம் நின்ற மிகை வோல்ட்டேஜ் என்று படித்துக்கொள்ளுங்கள். சரிசெய்து கொடுப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: வீட்டில் ஃபிரிட்ஜ், டிவி, பல்பு எதுவும் அதே நேரத்தில் போனதா? ஆமாம் என்றால், எலக்ட்ரீஷியன் நியூட்ரலைப் பார்த்தபிறகு மாட்டச் சொல்லுங்கள்.

கோடை மாலை இடி இங்கே பிளக் வழியாக மட்டும் வருவதில்லை. விஜிஏ, எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவும் வரும். பவர் போர்டிலிருந்து வரும் 5 வோல்ட்டும் 14 வோல்ட்டும் சுத்தமாக இருந்து, எல்ஈடி எரிந்து, "சிக்னல் இல்லை" என்றே நின்றால் அடிபட்டது மெயின் போர்டு. பவர் போர்டைப் பிரித்துக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம்.


டோங்காட்

பேக்லைட் பக்கம் இன்னும் யாரும் வரவில்லை. படம் இரண்டு விநாடி தெரிந்து கறுத்துவிடுகிறது, எல்ஈடி பச்சையாகவே நிற்கிறது. இருட்டில் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்தால் படம் மங்கலாகத் தெரியும். தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் நலம். கோளாறு விளக்கில், அல்லது விளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் இன்வெர்ட்டரில்.

உடனே இன்வெர்ட்டரில் கை வைக்காதீர்கள். அதற்குத் தீனி போடும் 12-லிருந்து 20 வோல்ட் வரையான லைனின் வெளியீட்டு கெப்பாசிட்டர்களை முதலில் பாருங்கள். 1000, 680, 470 மைக்ரோஃபாரட் ரகங்கள். அவை காய்ந்தால் விளக்கு பற்றும் நேரத்தில் லைன் குழிந்து, பாதுகாப்புச் சுற்று இன்வெர்ட்டரை நிறுத்திவிடும். பார்ப்பதற்கு விளக்குக் கோளாறு மாதிரியே இருக்கும். அடுத்து மெயின் போர்டிலிருந்து வரும் கனெக்டரில் பேக்லைட் ஆன் காலில் 3-லிருந்து 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். அது வராவிட்டால் இன்வெர்ட்டர்மேல் பழி இல்லை.

இரண்டும் சரி என்றால் டிரான்ஸ்ஃபார்மர். கரண்டை எடுத்துவிட்டு செகண்டரி சுற்றை ஓமில் அளங்கள். 500-லிருந்து 1500 ஓம் வரை எதுவாகவும் இருக்கலாம். எண் முக்கியமில்லை, ஒரே ரகச் சுற்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். ஒன்று 900, மற்றது 905 என்றால் சரி. ஒன்று 900, மற்றது 640 என்றால் அந்தச் சுற்று உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது. ஓப்பன் என்றால் சொல்லவே வேண்டாம். மயிரிழைக் கம்பி, காலில் சுற்றிய இடத்தில் பச்சை பூத்து அறுந்திருக்கும்; கடலோரக் காற்றில் இது சகஜம்.

பழைய ராயர் வகை இன்வெர்ட்டரில் இரண்டு டிரான்சிஸ்டர் ஜோடியாக வேலை செய்யும். ஒன்று ஷார்ட் என்றாலும் இரண்டையும் மாற்றுங்கள், அருகில் உள்ள சின்ன சிப் ஃபியூஸையும் பாருங்கள். கலெக்டர்களுக்கு நடுவே உள்ள ஒத்ததிர்வு கெப்பாசிட்டரை மாற்றினால் பாலிப்ரொப்பிலீனே போட வேண்டும். சாதாரண பாலியெஸ்டர் அந்த அதிர்வெண்ணில் சுட்டுப் பொரியும்.

விளக்கா, டிரான்ஸ்ஃபார்மரா என்று பிரிக்க, விளக்குக்குப் பதில் ஒரு போலிச் சுமை. 27 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் நான்கைத் தொடராகச் சாலிடர் செய்து ஹீட்ஷ்ரிங்க் போட்டால் 108 கிலோ ஓம். 6 மில்லிஆம்பியரில் சுமார் 650 வோல்ட் விழும். விளக்கு எடுப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரே பெரிய ரெசிஸ்டர் வேண்டாம், வோல்ட்டேஜ் தாங்காது. சந்தேகப்படும் கனெக்டரில் இதை மாட்டி, அணையாமல் நின்றால் அந்த விளக்கு செத்தது. அந்த முனையைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்கப் போகாதீர்கள். பற்றும் கணத்தில் ஆயிரத்துக்கு மேல், அதுவும் பத்தாயிரக்கணக்கான ஹெர்ட்ஸில். மீட்டரும் போகும், விரலும் சுடும்.

செத்துக்கொண்டிருக்கும் விளக்கு, போட்டதும் இளஞ்சிவப்பாக எரியும், இரண்டு முனையும் கருகியிருக்கும். உடைந்தால் உள்ளே சிறிதளவு பாதரசம் உண்டு. ஜன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால் கூட்டி, டேப்பால் ஒற்றி, மூடியுள்ள புட்டியில் போடுங்கள். வாக்வம் கிளீனர் கூடாது.


பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இரண்டு கேள்வி. பாதுகாப்புச் சுற்றைத் துண்டித்துவிட்டால் ஒரு விளக்கு போனாலும் மற்றது எரியுமே, செய்யலாமா? புது விளக்கு கிடைப்பதில்லை, எல்ஈடி பட்டை போட்டால் நிற்குமா?


டோங்காட்

முதல் கேள்விக்கு: வேண்டாம் தம்பி. சோதனைக்கு ஒரு நிமிஷம் போட்டுப் பார்க்கலாம், அப்படியே மூடிக் கொடுக்கக்கூடாது. செத்த விளக்கின் டிரான்ஸ்ஃபார்மர் சுமையில்லாமல் உச்ச வோல்ட்டேஜிலேயே நின்று, காப்பு எரிந்து, போர்டில் கரி பிடிக்கும். இது பிளாஸ்டிக் பெட்டி.

இரண்டாவது: நிற்கும். விளக்குக் குழியின் நீளம், அகலம் இரண்டையும் அளந்து வாங்குங்கள். அகலத்தை மறந்து வாங்கியவைதான் உட்காராமல் திரும்புகின்றன. பட்டையை மூன்று மூன்று எல்ஈடியாக, குறி போட்ட இடத்தில் மட்டும் வெட்ட வேண்டும். டிரைவர் போர்டுக்கு நான்கு கம்பி: பழைய இன்வெர்ட்டருக்குப் போன பவர் லைன், கிரவுண்ட், பேக்லைட் ஆன், டிம். டிம் கம்பியை விட்டுவிட்டால் வெளிச்சம் குறைக்க முடியாது. பழைய இன்வெர்ட்டரின் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் வெறும் கனெக்டரில் உயர் வோல்ட்டேஜ் வந்து நிற்கும். பேனலுக்குள் இருக்கும் வெள்ளைத் தாள்களின் வரிசையை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டே பிரியுங்கள். மாறிவிட்டால் திரையில் திட்டுத் திட்டாக நிழல் விழும், விரல் பட்டால் அந்தக் கறை நிரந்தரம்.


சாட்ஸ்வொர்த், டர்பன்

கெப்பாசிட்டர் மாற்றுகிறவர்களுக்கு. மைக்ரோஃபாரட் அதே, வோல்ட் அதே அல்லது ஒரு படி மேல்: 16-க்கு 25 போடலாம். 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் ரகம் கட்டாயம். பொது ரகம் போட்டால் சில மாதத்தில் திரும்ப வந்து நிற்கும். உயரத்தையும் பாருங்கள், தகர மூடி தட்டக்கூடாது. மைனஸ் பட்டை எந்தப் பக்கம் என்று கழற்றுவதற்கு முன்பே படம் எடுங்கள். போர்டில் அச்சிட்ட அரைவட்ட நிழலை மட்டும் நம்ப வேண்டாம்.

இந்தப் பழுப்புப் போர்டுகள் ஒருபக்கச் செம்பு. சூடு அதிகமானால் பேட் உரிந்து கையோடு வரும். ஈயமில்லாத பழைய சாலிடர் உருக மறுத்தால் சூட்டைக் கூட்டாமல், 60/40 ஈயச் சாலிடர் கொஞ்சம் ஊட்டிக் கலந்தபின் உறிஞ்சுங்கள். அயர்ன் 350 டிகிரி போதும்.


மேர்பாங்க், டர்பன்

காலையில் இரண்டு விநாடியில் அணைந்து, மதியம் ஒழுங்காக ஓடும் மானிட்டர் கடலோரத்தில் நிறைய. இதில் இரண்டு நோய் ஒரே முகத்தோடு வருகிறது, ஹேர் டிரையர் இரண்டையும் "குணப்படுத்தும்", அதனால் அதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். எல்ஈடியைப் பாருங்கள். எல்ஈடியும் சேர்ந்து மினுக்கினால் குளிர்ந்த கெப்பாசிட்டர். எல்ஈடி அசையாமல் நின்று படம் மட்டும் அணைந்தால் உயர் வோல்ட்டேஜ் ஈரத்தில் கசிகிறது.

அறையை இருட்டாக்கிக்கொண்டு, பின் தகரம் கழற்றிய நிலையில், கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் காலிலோ விளக்குக் கனெக்டரிலோ நீலமாக ஒரு நூல் தெரியும், ஓசோன் வாடை வரும். அங்கே தூசும் உப்பும் படிந்திருக்கும். சில சமயம் பல்லி நுழைந்து கருகிக் கிடக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் போதும். கரிக்கோடு விழுந்திருந்தால் துடைத்து மட்டும் விடாதீர்கள். கரி மின்சாரம் கடத்தும், மறுபடி அதே தடத்தில் ஓடும். கத்தியால் கரி இல்லாத போர்டு தெரியும்வரை சுரண்டி, கழுவி, ஒரு இரவு முழுக்கக் காயவிட்டு, மேலே காப்பு வார்னிஷ் பூசுங்கள். வார்னிஷ் காய்வதற்குள் கரண்ட் கொடுத்தால் பற்றிக்கொள்ளும்.