வெருகல் ஆற்றுப் பூச்சி மதிப்பெண்: இரண்டு இடத்திலும் குறைவு, ஏன்?

வெருகல்கரை:
பாடசாலைச் சூழல் கழகத்துக்காக, வயல் வடிகால் விழும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் வலை போட்டுப் பிஎம்டபிள்யூபி (BMWP) கணக்குப் பார்த்தோம். அது தண்ணீரில் வாழும் சிற்றுயிர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, மாசைத் தாங்காத குடும்பத்துக்குக் கூடிய மதிப்பெண் போடும் முறை.
மேல்: இரத்தப்புழு 30, பெயிற்றிடே குடும்ப மேஃப்ளை (நீரில் வளரும் ஒரு பூச்சி) 6, கோயினக்ரியோனிடே ஊசித்தும்பி 5, லிபெலுலிடே தும்பி 2. சராசரி 3.0.
கீழ்: இரத்தப்புழு 80, குளோசிஃபோனிடே அட்டை 3, பிளானோர்பிடே நத்தை 4. சராசரி 2.1.
மேலேயும் தண்ணீர் கெட்டுவிட்டதா? அடி முழுக்க மணல், வலைக்கண் 1 மி.மீ.

வலைக்கம்பு:
கணக்குத்தான் பிழை. தலை எண்ணிப் பெருக்கியிருக்கிறீர்கள். ஒரு குடும்பத்தில் 1 பூச்சி இருந்தாலும் 80 இருந்தாலும் மதிப்பெண் ஒரு தடவைதான். நீங்கள் எழுதின வரிசையில் குடும்ப மதிப்பெண்களைக் கூட்டினால், மேல்: 2+4+6+8=20, 4 குடும்பம், சராசரி 5.0. கீழ்: 2+3+3=8, 3 குடும்பம், 2.7. இப்போது வித்தியாசம் தெரிகிறதல்லவா? ஆனால் மூன்று நான்கு குடும்பத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வலையை 0.5 மி.மீ. ஆக்குங்கள், சின்னக் குடம்பிகள் (இளம் பூச்சிகள்) நழுவாது. ஓடும் மணலில் பூச்சிக்குப் பிடிமானம் இல்லை. நீருக்குள் தொங்கும் வேர், புல், ஊறின கட்டை எல்லாவற்றையும் சேர்த்து மொத்தம் 3 நிமிடம் துழாவுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே வகை இடமாக இருக்கவேண்டும். கீழ் இடத்தை முதலில் முடியுங்கள், இல்லாவிட்டால் மேலே கிளறின சேறு வந்துவிடும். முதலை உள்ள ஆறு, கரையோரத்தோடு நிற்கட்டும்.

தும்பிக்கண்:
மேஃப்ளையையும் ஊசித்தும்பியையும் மாற்றிக் குறித்திருக்க வாய்ப்புண்டு, இரண்டுக்கும் பின்னால் வால்போல மூன்று நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளை ஐஸ்கிறீம் பெட்டியில் தண்ணீர் விட்டு லென்ஸால் பாருங்கள்: ஊசித்தும்பிக்கு அவை இலைபோல் தட்டையான செவுள்கள், மேஃப்ளைக்கு நூல் வால், செவுள் வயிற்றின் இருபக்கமும். தும்பிக் குடம்பியை உடனே வேறாக்குங்கள், மற்றதைத் தின்றுவிடும். 70% எத்தனோலில் போட்டால் மறுநாள் மாற்றுங்கள். உடம்புத் தண்ணீர் அதை நீர்த்துப்போகச் செய்யும்.

வெருகல்கரை:
நன்றி. முகத்துவாரப் பக்கமும் ஒரு இடம் எடுக்கலாமா?

வலைக்கம்பு:
வேண்டாம். கடல்நீர் ஏறும் இடத்தில் உப்பே மேஃப்ளையைத் துரத்திவிடும், பழி வயலின்மேல் விழும். சந்தேகமென்றால் ஏற்றத்திலும் வற்றத்திலும் மின்கடத்துதிறன் அளந்து பாருங்கள், உப்புக் கூடினால் அதுவும் கூடும். மதிப்பெண் அட்டவணையும் பிரித்தானிய ஆறுகளுக்குப் போட்டது. ‘நல்லது, கெட்டது’ என்று எழுதாமல் மேல், கீழ் வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள். மாரி வெள்ளம் வடிந்து மூன்று கிழமையாவது போகட்டும், பூச்சிகள் திரும்பக் குடியேற அவ்வளவு காலம் வேணும்.