அப்பா போனபிறகு அம்மாவுக்கு யாரிடம் உதவி கேட்பது?

கேள்வி (கொக்குவிலில் இருந்து):
அப்பா மோசம் போய் மூன்று மாதமாகிறது. முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி வரை வீடு நிறையச் சனம், கீரிமலைக்குப் போய்வந்த மறுநாளே எல்லாரும் போய்விட்டார்கள். அம்மா இப்பவும் காலையில் இரண்டு தேத்தண்ணி போட்டு ஒன்றை அப்பாவின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் வைக்கிறா, ஆறினபிறகு எடுத்து ஊற்றுகிறா. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இதற்கு ஆற்றுப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்களா? லண்டனில் இருக்கும் தம்பியும் செத்தவீட்டுக்கு வர முடியாமல் உடைந்துபோய் இருக்கிறான்.

பதில் 1:
தங்கச்சி, தேத்தண்ணி வைப்பதைத் தடுக்காதேங்கோ, அது அவவின் ஆறுதல். சாப்பாடு குறைவதுதான் கவனிக்க வேண்டியது. சாந்திகம் என்ற அமைப்பு போர்க் காலத்திலிருந்தே இங்கே உளவளத்துணை (மன ஆறுதலுக்கான ஆலோசனை) செய்கிறது, முதலில் அங்கே கேளுங்கோ. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. போனால் ஊர் 'விசர்' என்று கதைக்கும் என்று என் மாமி ஒரு வருடம் போகாமலே இருந்தா, அந்த ஒரு வருடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு வலிக்கும்.

பதில் 2:
இரவில் தாங்க முடியாவிட்டால் 1926க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணிநேரமும் தமிழிலும் கதைக்கலாம். தம்பிக்கு அங்கே குரூஸ் என்ற அமைப்பு இருக்கிறது, 1959இல் தொடங்கியது, துக்கத்தில் இருப்பவர்களுக்காகவே நடப்பது, காசும் இல்லை.

கேட்டவர்:
நன்றி அக்கா, அண்ணா. திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.